நாற்பதைத் தாண்டாத வண்டி

"இத்த எங்க சார் சொருவறது?"

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து மெக்கானிக் முத்துசாமியின் குரல் வந்தது. அவர் கையில் தீப்பெட்டி அளவுக்கு, பச்சை லைட் வைத்த ஒரு கறுப்புச் சிப்பு. அமெரிக்காவிலிருந்து வந்தது.

"கம்ப்யூட்டர்ல சொருகணும்னு போட்டிருக்கு" என்றார் பட்டாபி, கூட வந்த காகிதத்தை மூன்றாம் முறையாகப் படித்து.

"வண்டில கம்ப்யூட்டர் இருந்தாத்தான சார்? எண்பத்தஞ்சாம் வருசத்து பிக்கப்பு. இதுல கீற பெரிய கரண்டு சமாச்சாரமே ஆரன்தான். அதுவும் மழ பேஞ்சா அடிக்காது."

பட்டாபி, செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து ஆபீஸ் போய் வரும் சாதுவான ஹெட் கிளார்க். இரண்டு வருஷம் முன்பு, 2002-இல், அவர் ஆபீஸில் இந்த வண்டியைக் கழித்துக் கட்டி ஏலம் விட்டார்கள். மழைக்கு ஏலம் நடந்த கொட்டகையில் ஒதுங்கியவர், என்ன தோன்றியதோ, கையைத் தூக்கிவிட்டார். கல்யாணமான பிறகு யாரையும் கேட்காமல் அவர் செய்த ஒரே காரியம் அது. அதனாலேயே வண்டிமேல் அவருக்கு உயிர்.

வண்டிக்கு ஒரே ஒரு குறை. நாற்பதைத் தாண்டாது. மொபெட்டில் போகும் பால்காரர் கூடப் பக்கத்தில் வந்து, "சார், ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு முந்திப் போவார்.

இது மனைவி காமுவின் வாய்வழியாக அவள் தம்பி கிரிஷ் காதுக்குப் போய், அமெரிக்காவிலிருந்து சிப்பு வந்து சேர்ந்தது. மாட்டினால் வண்டி பறக்குமாம். போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை அவனே நேரில் வருகிறான்.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து ஆசையா அனுப்பியிருக்கான்" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள் காமு. "ஞாயித்துக்கிழமை மகாபலிபுரத்துக்கு இதுலதான் போறோம். பறக்கலேன்னா, அங்கேயே டிரைவர் சதாசிவத்துகிட்ட சாவியைக் குடுத்துட்டு பஸ்ல திரும்பிடலாம். அவரை வரச் சொல்லியாச்சு. ரெண்டு வருஷமா ஊரே சிரிக்கறதுன்னா!"



சதாசிவம், ஆபீஸில் இதே வண்டியை ஓட்டியவர். வீடு மாமல்லபுரத்தில். இருந்தாலும் மாதம் ஒருமுறை வந்து வண்டியை நலம் விசாரிப்பார்.

"அதுக்கு வயசாயிடுச்சு சார். எங்கிட்டயே குடுத்துடுங்க. எளநி ஏத்திகினு போவ எனக்குப் போதும்" என்பார். கிளம்பும்போது, டிரைவர் காலடியில் கிடக்கும் பச்சை ரப்பர் விரிப்பைக் காட்டி, "அந்த மேட்ட மட்டும் எடுத்துடாதீங்க சார். ராசியான மேட்டு" என்றும் சொல்வார். பட்டாபி அதைத் தூசி தட்டக்கூட யாரையும் விட்டதில்லை.

முத்துசாமி தலையைச் சொறிந்தார். "அமெரிக்காக்காரருக்குப் பச்ச லைட்டு எரிஞ்சாப் போதும்ல சார்?"

சிப்பை ஹாரன் வயரில் கோத்தார். லைட் எரிந்தது. ஆனால் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் தானாக அலறியது. பட்டறையிலிருந்து வீட்டுக்கு ஏழு இடது திருப்பம். ஏழாவது திருப்பத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

மறுநாள் வயரை வைப்பருக்கு மாற்றினார். ஹாரன் அடங்கியது. ஆனால் வைப்பர் ஆடினால்தான் லைட் எரிந்தது. சித்திரை வெயிலில், ஒரு பொட்டு ஈரமில்லாத கண்ணாடிமேல் அது கீச்சுக் கீச்சென்று பல்லைக் கூச வைத்தது.

"அந்தச் சத்தம் கேக்காம பண்ணணுமே, முத்துசாமி!"

"அதுக்குப் பெருசா வேற சத்தம் வேணும் சார்" என்றவர் சைலன்சரில் ஓட்டை போட்டார்.

வண்டி இப்போது ரேஸ் வண்டி மாதிரி உறுமியது. வேகம் மட்டும் முப்பத்தெட்டாகக் குறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிரிஷ் கறுப்புக் கண்ணாடியோடு நடுவில் உட்கார்ந்தான். காமு ஜன்னலோரம். மொட்டை வெயிலில் வைப்பரை ஆட்டிக்கொண்டு வண்டி புறப்பட்டது.

"வைப்பர் எதுக்கு அத்திம்பேர்?"

"சிப்புக்குக் காத்தோட்டம் வேணும்னு மெக்கானிக் சொன்னான்."

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பால்காரர் பக்கத்தில் வந்தார். "சார், விருந்தாளியா?" என்று கேட்டுவிட்டு முந்திப் போனார்.

கிரிஷ் கண்ணாடியைக் கழற்றினான். "முப்பத்தெட்டா? நீங்க சிப்பை நம்பவே இல்லை அத்திம்பேர். நன்னா அழுத்துங்கோ!"

காமு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்திருப்பலைப் பட்டாபிக்கு இருபத்துநாலு வருஷமாகத் தெரியும். சாவி கைமாறுவதும், தான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் கண்ணில் தெரிந்தன. அழுகை வந்தது. வந்த ஆத்திரத்தில் இரண்டு காலையும் சேர்த்து ஆக்சிலேட்டரில் வைத்து மிதித்தார்.

'படக்!'

வண்டி ஒரு துள்ளு துள்ளியது. ஐம்பது. அறுபது. எழுபத்தைந்து! வைப்பர் பிய்த்துக்கொண்டு புளியமரத்துப் பக்கம் பறந்தது. சிப்பின் பச்சை லைட் அணைந்தது. அதை யார் பார்த்தார்கள்? பட்டாபி பால்காரரை முந்தும்போது, "ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்று கத்தினார். பதில் கேட்கவில்லை.

"ஏன்னா, இன்னும் கொஞ்சம்!" என்றாள் காமு, பறக்கும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு. அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாயிற்று. பட்டாபிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாமல்லபுரத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தில் சதாசிவம் தயாராக நின்றிருந்தார். கையில் மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம்.

"மன்னிக்கணும் சதாசிவம், வண்டி குடுக்கறதா இல்லை" என்றாள் காமு, இறங்கும்போதே. "எழுபத்தஞ்சுல வந்தோமாக்கும்!"

"எல்லாம் சிப்பு!" என்றான் கிரிஷ்.

சதாசிவத்தின் முகம் சுருங்கியது. டிரைவர் கதவைத் திறந்தார். குனிந்து பச்சை விரிப்பைத் தூக்கினார். அடியிலிருந்து இரண்டாக உடைந்த மரக்கட்டை ஒன்றை வெளியே எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சதாசிவம் இது?"

அவர் பெருமூச்சு விட்டு, கொண்டுவந்த மாலையை வண்டிக்குத் தாமே போட்டுவிட்டுச் சொன்னார்.

"மூணு வருசம் சார்! ஆக்சிலேட்டருக்கு அடில இந்தக் கட்டய வெச்சுகினு, 'வண்டி இழுக்கல, வண்டி இழுக்கல'ன்னு ஆபீசருக்கு எழுதி எழுதி, நாம எடுத்துக்கலாம்னு இத்த ஏலத்துக்குக் கொண்டாந்தவன் நானு; மழைக்கு ஒதுங்குன எடத்துல கையத் தூக்குனவரு நீங்க!"