முதல் பந்தியும் எலிச் சிறுநீரகமும்

சிறுநீரகம் எப்படி உருவாகிறது என்று ஆறு வருடம் படித்தவன் நான். பந்தி எப்படி நடக்கிறது என்று ஆறு நிமிடம்கூடப் படிக்கவில்லை.

கருவில் சிறுநீரகம் வளரும்போது ஒரு சின்னக் குழாய் கிளை விட்டு நீளும். அதன் நுனியைச் சுற்றி, இன்னும் எதுவாகவும் மாறாத ஸ்டெம் செல்கள் கூடி நிற்கும். குழாய் சில மூலக்கூறுகளை அனுப்பி, 'வடிகட்டியாக மாறு' என்று சொல்லும். கொஞ்சம் செல்கள்தான் மாற வேண்டும். மற்றவை பெருகிக்கொண்டே அடுத்த அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம், அந்தச் சமிக்ஞை மருந்தை ஆய்வகத்தில் அளவு தெரியாமல் ஊற்றிவிட்டேன். எல்லாச் செல்களும் ஒரேயடியாக மாறின. தட்டில் வளர்த்த எலிக் கருவின் சிறுநீரகம் கடுகளவில் நின்றுவிட்டது. நாலு நாள் புலம்பினேன்.

கல்யாணம் திருநகர் மண்டபத்தில். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுப் பையன்கள்தான் பரிமாற வேண்டும். சித்தப்பா என் கையில் மைக்கைக் கொடுத்தார்.

"மாப்பிள்ளை வீட்டாளுகள மட்டும் கூப்புடு. நம்மாளுக கடைசிப் பந்திதேன்."

நான் குஷியில், "எல்லாரும் சாப்பிட வாங்க! ஒருத்தர்கூட நிக்கக் கூடாது!" என்று முழங்கினேன். (படித்தவன் அல்லவா!) விடிகாலையிலிருந்து பட்டினி கிடந்த எங்கள் பையன்கள் பாய்ந்து உட்கார்ந்தார்கள். இலை முன்னால் உட்கார்ந்தவன் சாப்பிடாமல் எழுந்திருப்பது எங்கள் பக்கம் அபசகுனம்.

"அடேய், பரிமாற ஒருத்தன் இல்லையேடா!" என்று சித்தப்பா அலறினார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா தன் இலையைப் பார்த்தார். உப்பு மட்டும் இருந்தது.

"இலை நல்லாத்தேன் இருக்கு தம்பி. சோறு வருமா, நாங்க வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் காத்து வாங்கிட்டு வரவா?"

சொல்லிக்கொண்டே இலையை மடிக்கக் கை வைத்தார். வெறும் இலையை அவர் மடித்துவிட்டால் அக்கா அந்த வீட்டில் எப்படி வாழ்வாள்?

அக்காதான் மணமேடையிலிருந்து இறங்கி வந்தாள். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிச் சாம்பார் வாளியைத் தூக்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளை, மாலையோடு சோற்றுக் கூடையுடன் வந்தார்.

"இலைய மடிச்சுராதீக மாமா, இந்தா வாரேன்" என்றாள் அக்கா.

பெரியவர் சிரித்துவிட்டார். "இம்புட்டு வேகமா எந்த மருமகளும் வேலைக்குச் சேந்ததில்லடா!" அந்த ஒரு சிரிப்புக்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு அத்தனை பிரியம்.

அதன் பிறகு எந்த விசேஷத்திலும் என் கையில் மைக் வந்ததில்லை. ஒரே ஒரு தடவை தவிர. வீட்டார் எல்லாரும் கேட்க வந்திருந்த என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னார் தேர்வாளர். "முதல் பந்தியிலேயே எல்லாரும் உட்கார்ந்துவிட்டால்..." என்று ஆரம்பித்தேன்.

கடைசி வரிசையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"சாம்பார் யாரு ஊத்துனான்னும் சொல்லுடா!"