பிறக்காதவர்களின் ஏரி

நீர்மங்கலம் என்றொரு நாடு இருந்தது. அதன் அரசவையில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கும். இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கான நாற்காலி அது. அவை கூடும்போதெல்லாம் அதற்கு மாலை சூட்டிக் குடை பிடிப்பார்கள். பிறக்காதவர்களால் பேச முடியாது என்பதால் அவர்கள் சார்பில் அமைச்சர் திருநம்பியார் பேசுவார். பெரிய ஏரி இருந்த வடபுலத்தை நீடித்து நிலைக்கும்படி வளர்க்கும் திட்டம் அவர் பொறுப்பில் இருந்தது.

“ஏரியை நாமே குடித்துத் தீர்த்துவிட்டால் அவர்கள் எதைக் குடிப்பார்கள்?” என்று அவர் கேட்டபோது அவையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த வருடம் வயல்களுக்கான மதகு அடைக்கப்பட்டது. அடுத்த வருடம் மாடுகள் ஏரிக்கரையில் ஏறக் கூடாது என்றார்கள். பிறகு, பார்ப்பதும் ஒருவகை நுகர்வே என்று ஏரியைச் சுற்றி உயரமாகச் சுவர் எழுப்பினார்கள். கடைசியாக, பிறக்கப்போகிறவர்களுக்கு வேலையும் வேண்டுமே என்று, எதிர்க்கரையில் ஒரு பெரிய சாயப்பட்டறைக்கு ஏரி நீரைத் திறந்துவிட நாற்காலியிடம் அனுமதி கேட்டார்கள். நாற்காலி மறுக்கவில்லை.

வடபுலத்தில் கொடிமுல்லை என்ற பெண் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வயிற்றிலிருப்பவர்கள் பிறக்காதவர்கள் ஆகையால், கர்ப்பிணிகளுக்கு மட்டும் சுவரின் வாசற்குழாயில் தினம் ஒரு குடம் தண்ணீர் உண்டு. காவலன் தாண்டவன்தான் பிடித்துக் கொடுப்பான்.

“இது உனக்கில்ல தாயி, உள்ள இருக்கிற எசமானுக்கு” என்பான்.

“எசமான் ரொம்ப உதைக்கிறாருண்ணே.”

“அதிகாரத்துல இருக்கிறவங்க அப்படித்தான்.”

ஒருநாள் வரிசையில் நின்றிருந்தபோதே அவளுக்கு வலி கண்டுவிட்டது. பெண்கள் சேலைகளை மறைப்பாகப் பிடித்தார்கள். சுவரைப் பார்வையிட வந்திருந்த அமைச்சர் நாகரிகம் கருதித் திரும்பி நின்றார். கடவுள் அருளால் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. கொடிமுல்லைக்கு நாக்கு வறண்டு பேச்சு வரவில்லை.

பிரசவம் பார்த்த மாரக்கா வெளியே வந்து, “பொண்ணு பொறந்திருக்கு சாமி. தாய்க்கும் புள்ளைக்கும் தண்ணி வேணும்” என்றாள்.

“மிக்க மகிழ்ச்சி. ஆனால் பிறந்துவிட்டதால் குழந்தை பிறக்காதவர்களில் சேராது. சற்று முன்புவரை ஏரி அதனுடையது. இப்போது அதுவும் நம்மைப்போல் ஏரியைச் செலவழிக்கிறவர்களில் ஒன்று.”

“அப்போ மறுபடி உள்ள போகச் சொல்லட்டுங்களா சாமி?”

அமைச்சர் யோசித்துப் பார்த்துவிட்டு, “சட்டத்தில் அதற்கு இடமில்லை” என்றார்.

தாண்டவன் குழாயைத் திருகினான். காற்றுதான் வந்தது. அவன் அமைச்சரைக் கேட்காமலே சுவரின் கதவைத் திறந்தான். ஏரி இல்லை. வெடித்த சேறு எதிர்க்கரைவரை பரந்து கிடந்தது. அதன் நடுவே பட்டறையின் பெரிய குழாய் வாயைத் திறந்தபடி கிடந்தது.

வரிசையில் முன்னால் நின்று குடம் வாங்கியிருந்த கர்ப்பிணி ஒருத்தி, இடுப்பிலிருந்ததை இறக்கி மாரக்காவின் சட்டியில் கொஞ்சம் சாய்த்தாள். அடுத்தவள் சாய்த்தாள். அவளுக்கும் அடுத்தவள். இத்தனை காலம் தங்கள் பெயரால் எல்லாம் பறிக்கப்பட்டுவந்த பிறக்காதவர்கள், பிறந்துவிட்ட ஒருத்திக்குத் தங்கள் பங்கிலிருந்து கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை.

மறுநாள் அவசரமாக அவை கூடியது. ஒரு குழந்தை பிறக்கும்போதெல்லாம் எதிர்காலத்தில் ஒருவர் குறைந்துபோகிறார் என்று திருநம்பியார் தழுதழுத்தார். எதிர்காலத்தை முழுமையாகக் காப்பாற்றும்பொருட்டு, இனி வடபுலத்தில் யாரும் பிறக்கக் கூடாதென்று தெருத்தெருவாக முரசறைந்து அறிவித்தார்கள்.

கொடிமுல்லையின் வாசலிலும் முரசு வந்து நின்றது. அவள் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.