இரண்டு பாட்டில் கூனிப்பூச்சி

மனிதர்களில் இனம் பிரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவில் குறைந்தது ஒருவராவது இருப்பார். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு திரும்பித் திரும்பிப் பார்ப்பாரே, அவர்தான். வத்தலக்குண்டில் ஏறியவர்களை மலைப்பாதையின் முதல் வளைவு வருவதற்குள் வகை பிரித்து முடித்திருப்பார்: இது தேனிலவு, இது எஸ்டேட் மேனேஜர், இது மூன்றாவது வளைவில் வாந்தி எடுக்கும் வகை. மூன்றாவது வளைவில் அவரே எடுப்பார். அது வேறு விஷயம்.

கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் நாச்சிமுத்து இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் காது மடலைப் பார்த்துவிட்டு, "இது பெரியப்பா பக்கத்துக் காது" என்று அறிவித்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். மன்னவனூர் கேரட் ஒரு கிலோ வாங்கினால், அடுப்பங்கரைக்குப் போகுமுன் அது நுனி கூரானது, மழுங்கியது, கவட்டை விழுந்தது என்று மூன்று கும்பலாகிவிடும். மனைவி தமயந்தி மூன்றையும் அள்ளி ஒரே குழம்பில் போடுவாள். இருபத்துநாலு வருஷக் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது. அவர் பிரிப்பார், அவள் சேர்ப்பாள்.

இப்படிப்பட்டவர் கையில் ஆம்பிபாட் என்கிற கூனிப்பூச்சிக் குடும்பம் ஒன்று சிக்கினால் என்ன ஆகும்? கூனிறாலுக்குத் தூரத்து ஏழைச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி நீளம்தான் இருக்கும். பக்கவாட்டில் நசுங்கிய உடம்பு, வளைந்த முதுகு, ஏழு ஜோடிக் கால், அதில் முன்னிரண்டு ஜோடி பிடிப்பதற்கு வாகான கை மாதிரி. கொடைக்கானல் மேல்மலையில் போளூர்ப் பக்கத்து ஓடையில் ஊறிக் கிடந்த சருகுக்கடியிலிருந்து இவற்றை அள்ளிவந்து, மூன்று வருஷம் கால் எண்ணி, கணு எண்ணி, மீசை அளந்து, உலகம் இதுவரை அறியாத இரண்டு புது இனங்களைக் கண்டுபிடித்துவிட்டார் நாச்சிமுத்து. ஒன்றுக்குப் பெரிய உடம்பு, குத்துச்சண்டைக்காரன் கை. மற்றதற்குச் சின்ன உடம்பு, ஒல்லிக் கை. பெரியதற்குத் துறைத்தலைவர் குமாரவேலின் பெயர். சின்னதற்குத் தமயந்தியின் பெயர்.

பூச்சிக்குத் தன் பெயரா என்று தமயந்திக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. முதல் ஒரு நாள். மறுநாள் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் அண்ணனில் ஆரம்பித்து, அவருடைய சம்பந்தி வீடு வரை போன் போட்டுச் சொல்லி முடித்தாள். ரேஷன் கார்டையும் கேஸ் புத்தகத்தையும் விட்டால் அவள் பெயர் வேறெங்கே அச்சேறியிருக்கிறது? இனி ஓடையில் தண்ணீர் உள்ளவரை அந்தப் பெயர் நீந்தும்.

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. அன்று காலை ஊறுகாய்க்கு ஒரு பாட்டில் தேவைப்பட்டது. சமையலறை ஜன்னலில் உயிருள்ள பூச்சிகள் இனத்துக்கொன்றாக இரண்டு பாட்டிலில் இருந்தன. எல்லாம் ஒரே ஓடைத் தண்ணீர்தானே என்று தமயந்தி சின்னதைப் பெரியதோடு கவிழ்த்துவிட்டாள்.

எலுமிச்சம்பழத்தை நறுக்கிவிட்டுத் திரும்பினால் பாட்டிலுக்குள் முகூர்த்தம்! பெரியது ஒவ்வொன்றும் ஒரு சின்னதை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. டீ வடிகட்டியை விட்டுப் பிரித்துப் பார்த்தாள். ம்ஹூம். உற்றுப் பார்த்தாள். சின்னவற்றில் சிலவற்றின் மார்புக்கடியில் முட்டை. பெரியவற்றில் ஒன்றிடம்கூட இல்லை. இதைப் புரிந்துகொள்ள விலங்கியல் படிக்க வேண்டுமா?

சொன்னால் தன் பெயர் போகும். சொல்லாவிட்டால் மனுஷன் மானம் போகும். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்கிட்டு வெரசா வாங்க."

"சோலியா இருக்கேன்ல?"

"உங்க சோலிதான் இங்க சோடி போட்டுத் திரியுது."

நாச்சிமுத்து வந்தார். பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"ரெண்டையும் எதுக்குடி கலந்த?"

"நான் தண்ணியத்தான் கலந்தேன். மத்ததெல்லாம் அதுகளா கலந்துக்கிருச்சு. ஏங்க, மூணு வருஷமா பாக்குறீங்க, இது புருசன் பொண்டாட்டின்னு தெரியலயா?"

"நான் ஸ்பிரிட்ல போட்டப்புறம்தானே பாக்குறேன்? செத்ததுக என்ன குடித்தனமா நடத்தும்?"

"முட்டை இருக்கே?"

"முட்டை சுமக்கிறது தமயந்தி இனத்தோட தனி அடையாளம்னு எழுதியிருக்கேன்."

"அப்ப குமாரவேலு சார் இனம் எப்படிப் பெருகுமாம்?"

"மேற்கொண்டு ஆய்வு தேவைன்னு எழுதியிருக்கேன்."

ஆக, இனம் ஒன்றுதான். ஓர் இனத்துக்கு ஒரு பெயர்தான். யாருடைய பெயர்? கட்டுரையில் கையெழுத்துப் போட வேண்டியவர் துறைத்தலைவர். தமயந்தி எலுமிச்சந்துண்டுகளைத் தேவைக்கு மேல் அழுத்திப் பாட்டிலில் திணித்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து அந்த அழுத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

"சார், கட்டுரையில ஒரு சின்னத் திருத்தம். உங்க பூச்சியும் என் வீட்டம்மா பூச்சியும் வேற வேற இல்ல சார். புருசன் பொண்டாட்டியாம்."

நாச்சிமுத்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"வெள்ளனே சேந்ததுக சார், உங்களுது அவளுதை விடவே மாட்டேங்குது. வடிகட்டியை வச்சுக்கூடப் பிரிச்சுப் பாத்தாச்சு."

"யோவ்! போனு ஸ்பீக்கர்ல கெடக்குய்யா! பக்கத்துல என் மச்சினன் குடும்பமே உக்காந்திருக்கு!" குமாரவேலின் குரல் கிழிந்தது. "மொதல்ல என் பேரை எடு. ஒரு எழுத்து விடாம எடு. உன் வீட்டம்மா பேரே இருக்கட்டும். கையெழுத்துதானே, இப்பவே போடுறேன்!"

சாயங்காலம் கட்டுரை போயிற்று. ஓர் இனம், ஒரே பெயர், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவே. தமயந்தி பழனிக்குப் போன் போட்டு, "அண்ணே, இப்ப ஆம்பளைப் பூச்சிக்கும் என் பேருதான்" என்றாள்.

நல்லவேளை, நான் இந்த இனம் பிரிக்கும் இனமில்லை என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. இருக்கலாம். ஆனால் நாச்சிமுத்து எத்தனை உயரம், தலையில் எவ்வளவு முடி மிச்சம், மூக்குக் கண்ணாடி எந்த மாதிரி, உங்கள் சொந்தத்தில் யாருடைய ஜாடை என்பதெல்லாம் இதற்குள் முடிவுசெய்து வைத்திருக்கிறீர்களே, அவர் கண்ணாடி போட்டிருக்கிறார் என்று உங்களுக்கு யார் சொன்னது?