ஜன்னல் மந்திரி

நம் நாட்டில் இதுவரை போடப்பட்ட கல்வித் திட்டங்களிலேயே நூற்றுக்கு நூறு வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் போட்டவர் பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவர். நிபுணர் குழு, ஆலோசனைக் கூட்டம் எதுவும் அவரிடம் கிடையாது. ஒரு ஏர் ஹாரன் மட்டும் இருந்தது. அச்சரப்பாக்கத்திலிருந்து மறைமலைநகருக்கு எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டிய அந்த மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜன்னல் மந்திரி. நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை.

பஸ்ஸில் நாங்கள் ஐம்பது பேரும் பெண்கள். கார்களுக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னுவது எங்கள் வேலை. பஸ்ஸில் ஏசி கிடையாது, ஐம்பது பேருக்கு இருபத்துச் சொச்சம் ஜன்னல். மே மாதத்தில் ஜன்னலோரம் கிடைத்தவள் தலையில் வைத்த பூ வாடாமல் கம்பெனி வாசலில் இறங்குவாள்; நடுவில் சிக்கியவள் பிழிந்த துணி மாதிரி இறங்குவாள். அதனால் பஸ் நிற்பதற்குள் சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாக வீசி இடம் பிடிப்போம். இதில் கைதேர்ந்தவள் லில்லி அக்கா. பஸ்ஸிலேயே சீனியர். "நான் வேலைக்குச் சேந்தப்ப இந்த பஸ்ஸுக்கு டயரே கெடயாது" என்பாள். ஒருநாள் அவள் வீசிய பை குறி தவறி டிரைவர் தலையில் இறங்கியது. உள்ளே காரக்குழம்பு.

மனிதர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே எழுந்து நின்றார். திட்டம் பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

"போதும்மா உங்க சண்ட. டெய்லி பேஜாரு. இனிமே எவ படிக்கிறாளோ அவளுக்குத்தான் ஜன்னலு."

"இன்னாண்ணே, அடி பலமா?" என்றாள் லில்லி அக்கா.

"வளர்ற நாட்ல பொம்பளைங்க படிச்சா நாடு தானா முன்னேறும். பேப்பர்ல போட்டுகீறான்."

பேப்பர் என்றால் பஜ்ஜி மடித்த பேப்பர். அவருடைய பொருளாதார அறிவு முழுக்கப் படாளம் கூட்ரோடு டீக்கடையில் சம்பாதித்தது. பஜ்ஜியைத் தின்றுவிட்டு எண்ணெய்க் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து வரி விடாமல் படிப்பார். ஆனால் 'தொடர்ச்சி 6ஆம் பக்கம்' என்று கட்டுரை எங்கே நிற்கிறதோ, அங்கேயே அவர் அறிவும் நின்றுவிடும். அந்த ஆறாம் பக்கம் எப்போதும் வேறு யாருடைய பஜ்ஜிக்கோ போயிருக்கும். "சரிண்ணே, நாடு எப்படி முன்னேறும்?" என்று கேட்டால், "அது ஆறாம் பக்கத்துல கீது" என்பார்.

சட்டம் இதுதான்: ஹால் டிக்கெட்டோ, ஃபீஸ் கட்டிய ரசீதோ காட்டினால் ஜன்னல், இல்லாவிட்டால் நடு சீட்டு. பரிசோதனை படிக்கட்டிலேயே நடக்கும். முதல் வாரம் சிரித்தோம். அப்புறம் கத்திரி வெயில் வந்தது. ஒரே மாதத்தில் பாதி பஸ் தபால் வழிப் படிப்பில் சேர்ந்துவிட்டது. கல்வியின் அருமை தெரிந்தா சேர்ந்தோம்? காற்றுக்குச் சேர்ந்தோம் ஐயா, காற்றுக்கு!

திட்டம் என்று வந்தால் தில்லுமுல்லும் வரத்தானே செய்யும். ஒருத்தி தன் மகனுடைய மூன்றாம் வகுப்பு ரேங்க் கார்டை நீட்டினாள். மந்திரி நிதானமாகப் படித்தார். "'பேச்சு அதிகம், கவனம் குறைவு'ன்னு மிஸ்ஸு எழுதிகீது. ஒனக்குக் கரெக்டாத்தான் கீது. ஆனா செல்லாது." இன்னொருத்தி ரத்தப் பரிசோதனை ரசீதைக் கொண்டுவந்தாள்.

"இதுல பாஸாயிட்டியாம்மா?"

"சுகர் இல்லேன்னு வந்துச்சுண்ணே."

"நல்லது. நடுவுல போய் உக்காரு."

அடுத்த கோடைக்குள் நாற்பது ஹால் டிக்கெட், ஜன்னல் அதே இருபத்துச் சொச்சம். "விலவாசி ஏறிப்போச்சு" என்று மந்திரி இரண்டு நாள் யோசித்து இரண்டு திருத்தங்கள் கொண்டுவந்தார். முதலாவது, குறைவாகப் படித்தவருக்கு முன்னுரிமை. எம்.காம். படித்துக்கொண்டிருந்த ஒருத்தி கொதித்துவிட்டாள். "நான் எவ்ளோ பெரிய படிப்பு படிக்கிறேன், எனக்கு நடு சீட்டா?"

"நீ வளந்த நாடு. லில்லி இப்பத்தான் பத்தாவது எழுதுது. ஏழ நாட்டுக்குத்தான் மானியம்."

"யாருண்ணே ஏழ நாடு?" என்று லில்லி அக்கா சீறினாள். சீறிக்கொண்டே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தும் விட்டாள்.

இரண்டாவது திருத்தம், பாதி வழி வரைக்கும் ஒருத்தி, மீதிக்கு இன்னொருத்தி. பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் மந்திரி "மாத்து!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அத்தனை பேரும் எழுந்து இடம் மாறுவோம். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் உள்ளே ஏதோ கல்யாண கலாட்டா என்று நினைத்து ஹாரன் அடிப்பார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் சேர்ந்தது பி.ஏ. பொருளாதாரம். எல்லாவற்றையும் தாண்டிவிட்டேன், 'வளரும் நாடுகளின் பொருளாதாரம்' என்கிற ஒரே ஒரு பேப்பர் மட்டும் இரண்டு தடவை என்னைக் கவிழ்த்தது. அந்தச் சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. விட்டால் படிப்பே காலாவதி. டிகிரி இருந்தால் கம்பெனி ஆபீஸில் பிளானிங் செக்‌ஷன் வேலைக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் நின்றுகொண்டே ஒயர் பின்ன வேண்டியதுதான். எனக்கோ மூன்றாவது தடவையும் ஃபெயில் ஆகிவிடுவோமோ என்று பயம். எழுதப் போகாதவளை யாரும் ஃபெயில் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால் யாரிடமும் மூச்சு விடாமல், சனிக்கிழமை காலை எப்போதும்போல மதுராந்தகத்தில் பஸ் ஏறினேன்.

செங்கல்பட்டு வந்ததும் பஸ் நேராகப் போகாமல் ஊருக்குள் திரும்பியது. பரீட்சை நடக்கிற கல்லூரி வாசலில் நின்றது. மந்திரி இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பிள்ளையார் படத்துக்கும், லில்லி அக்கா ஒட்டிய மாதா படத்துக்கும் நடுவில் எங்கள் எல்லோருடைய பரீட்சைத் தேதியும் ஒட்டியிருந்தது அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

"எறங்கும்மா."

"பரீட்ச பத்து மணிக்குத்தாண்ணே..."

"ரெண்டு மணி நேரம் கீதுல்ல? குந்திக்கினு படி."

"நான் எழுதலண்ணே. ஹால் டிக்கெட்டே எடுத்தாரல."

மந்திரி சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பினார். "ஹால் டிக்கெட்டக் காட்டித்தானே இப்ப ஜன்னல்ல குந்திக்கினு வந்த?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். பரீட்சை வேண்டாம், பரீட்சை கொடுத்த காற்று மட்டும் வேண்டும் என்று வந்தவளை ஐம்பது பேரும் பார்த்தார்கள். அழுகையே வந்துவிட்டது. "மறுபடி ஃபெயிலாயிடுவேன்க்கா" என்றேன் லில்லி அக்காவிடம்.

"ஆனா ஆவு! நான் மூணு வாட்டி ஆயிகீறேன், இன்னா, தேய்ஞ்சா பூட்டேன்? எறங்குடி, எங்களுக்கு ஷிஃப்டு போவுது!"

பேனா இல்லை என்றேன். அது பெரிய தப்பு. நாற்பது மாணவிகள் இருக்கிற பஸ்ஸில் பேனாவுக்கா பஞ்சம்? பதின்மூன்று பேனா, இரண்டு ஸ்கேல், லில்லி அக்காவின் லெமன் சாதம் எல்லாம் என் மடியில் வந்து விழுந்தன. பின் சீட்டுக்காரி கையோடு பிடித்து இறக்கியே விட்டாள். பஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் லேட். டயர் பஞ்சர் என்று மந்திரி கேட்டில் சொல்லியிருக்கிறார். எந்த டயர் என்று செக்யூரிட்டி கேட்க, ஆளாளுக்கு ஒன்றைக் காட்ட, அன்றைக்கு ஆறு டயரும் பஞ்சர் என்று ரிஜிஸ்தரில் எழுதிவிட்டார்கள்.

கேள்வித்தாளைப் பார்த்தால் படித்த ஒன்றும் வரவில்லை. மற்றதையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றினேன். கடைசிக் கேள்வி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. பெண்கல்வியை ஊக்குவிக்க வளரும் நாடு ஒன்றில் மேற்கொள்ளப்பட்ட பொருளாதாரக் கொள்கையை விளக்கி மதிப்பிட வேண்டுமாம். 'ஒரு வளரும் நாட்டில்' என்று ஆரம்பித்தேன். அந்நாட்டு நிதியமைச்சர் தலையில் காரக்குழம்பு விழுந்ததை 'உள்நாட்டுக் கலவரம்' என்று மாற்றினேன். பாலாற்றுப் பாலம் 'இடைக்கால மறுபங்கீடு' ஆனது. ரேங்க் கார்டும் ரத்தப் பரிசோதனையும் 'நடைமுறைச் சிக்கல்கள்' ஆயின. எம்.காம். காரியை 'வளர்ந்த நாடுகளின் எதிர்ப்பு' என்ற தலைப்பில் தனியாகக் கவனித்தேன். திருத்தினவர் எந்த நாடு என்று தேடி அட்லஸைப் புரட்டினாரோ என்னவோ, பாஸ் போட்டுவிட்டார்.

ரிசல்ட் வந்த மறுநாள் காலை படிக்கட்டிலேயே கத்தினேன். "அண்ணே, பாஸ்! உங்க திட்டத்தத்தான் எழுதுனேன்!"

"எத்தினி பக்கம்?"

"ஏழு."

மந்திரி கியரில் வைத்த கையை எடுத்துவிட்டார். "அப்போ ஆறாம் பக்கத்துல இன்னா எழுதுன?"

யோசித்துப் பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் லில்லி அக்கா இருந்தாள். எட்டாவதோடு கழனி வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண் முதலில் காற்றுக்காகத்தான் புத்தகத்தைத் தொட்டாள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு வருகிற மார்கழியிலும் அதை மூடவில்லை என்று எழுதியிருந்தேன். அதைச் சொன்னேன். மந்திரி படாளம் வரைக்கும் ஹாரனே அடிக்கவில்லை.

"ஆறாம் பக்கத்துல ஏதோ கீதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை என் ஜன்னலைப் பிடுங்கிவிட்டார். "நீ முன்னேறிட்ட. மானியம் கட்." கொஞ்ச நாளில் பிளானிங் செக்‌ஷன் வேலை கிடைத்தது; அப்போதும் மேடம் என்று பார்க்கவில்லை, நடு சீட்டுதான். வேறு வழியில்லாமல் எம்.ஏ.வுக்குப் பணம் கட்டினேன்.

போன தை மாதம் மந்திரி ரிட்டயர் ஆனார். காலையில் கடைசி டிரிப் ஓட்டிவிட்டு, சாயங்காலம் புது டிரைவர் ஓட்ட, மாலையும் கழுத்துமாக எங்களோடு பயணியாக ஏறினார். நான் என் ஜன்னலை விட்டு எழுந்தேன். உட்கார மறுத்துவிட்டார்.

"ஹால் டிக்கெட் இல்லாம குந்தினா திட்டத்துக்கு இன்னாம்மா மரியாத?"

ஐம்பது பேர் கெஞ்சியும் மனிதர் நடு சீட்டுப் பக்கமே நின்றார். என் எம்.ஏ. ஹால் டிக்கெட்டை எடுத்து நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் செருகினேன். எடுத்துப் பிரித்துப் பார்த்தார். "ஃபோட்டோல நீதானேம்மா கீற. செல்லாது." லில்லி அக்கா பொறுமை இழந்து, அவர் தோளைப் பிடித்து ஜன்னலோரம் அழுத்தி உட்கார வைத்தாள்.

இத்தனை வருஷமும் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்த மனிதர். காற்று முகத்தில் அடித்ததும் ஒரே சத்தம். "தோ பாரு, இங்க இவ்ளோ பெரிய ஏரி கீது! எப்பமா கட்னாங்க?" வேடந்தாங்கலுக்குப் போகிற நாரைகள் வரிசையாகப் பறந்தன. மந்திரி விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். நான் சிரிப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. பழக்க தோஷம், மந்திரி பாதி எழுந்து எங்கள் முகத்தைப் பார்த்தார். "மாத்து" என்று சொல்ல அந்த பஸ்ஸில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.