ஈரவிரல் அண்ணனும் இரண்டு மெசின்களும்

மட்டக்களப்பில் அச்சடித்த தாள் எதுவும் ஈரவிரல் அண்ணனிடமிருந்து மானத்தோடு தப்பியதில்லை. கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாள், எது கையில் கிடைத்தாலும் விரலை நாக்கில் தொட்டு எழுத்தின் மேல் ஒரு தேய் தேய்ப்பார். பிறகு அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மை ஒட்டாவிட்டால் "லேசர்" என்று சிரிப்பார். ஒட்டினால் "இங்க்ஜெட்" என்று பெருமூச்சு விடுவார். கொரோனாவுக்குப் பிறகு நாக்கைக் கைவிட்டு, சட்டைப் பையில் ஈரப்பஞ்சு வைத்த சின்ன டப்பா ஒன்றைக் கொண்டு திரிந்தார்.

ஒரு கல்யாண வீட்டில், அட்டையை நீட்டிய பெண்ணின் தகப்பனுக்கு முன்னாலேயே மாப்பிள்ளையின் பெயரைத் தேய்த்து, "இது மழைக்குத் தாங்காது" என்றார். அவர் சொன்னது அட்டையைத்தான். பெண் வீட்டார் சாப்பாடு போடாமலே அனுப்பிவிட்டார்கள். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் யாரோ நாயாய் அலைந்து வாங்கிய கடிதத்தில் எழுத்தைத் தேய்க்கப் போய், அதிகாரியின் கையெழுத்தைத் தேய்த்துவிட்டார். எழுத்து நின்றது, கையெழுத்து போய்விட்டது.

புளியந்தீவில் அவருடைய அச்சுக் கடைக்குப் பக்கத்துக் கடையில்தான் நான் கண்ணாடிச் சட்டம் போடுகிறேன். அவர் கடையின் ஒரு மூலையில் லேசர், மறு மூலையில் இங்க்ஜெட். இரண்டுக்கும் நடுவில் அண்ணன் நாள் முழுக்க நடப்பார். யாராவது ஒரேயொரு தாள் அச்சடிக்க வந்தால் போதும், நடை தொடங்கிவிடும்.

"லேசர்ல அடிப்பமா? எழுத்து கல்லுல வெட்டின மாதிரி நிக்கும். ஆனா படம் கறுத்துப் போயிரும் மனே. இங்க்ஜெட்ல அடிப்பமா? படம் உசிரோட இரிக்கும். ஆனா ஒரு சொட்டுத் தண்ணி பட்டா முடிஞ்சிது."

"எதிலயாவது அடிங்க அண்ணே, பஸ் போயிரும்."

"அவசரப்படாத. நாளைக்கு மழை பெய்தா யாரு பதில் சொல்றது?"

பஸ் போய்விடும். அண்ணன் நடந்துகொண்டே இருப்பார். கலரில் அடிக்கும் லேசர் ஒன்று வாங்கினால் தொல்லை தீருமே என்று ஒருநாள் சொன்னேன். "ரெண்டு பொஞ்சாதியோட படுற பாடு காணாதா, மூணாவதும் வேணுமா?" என்றார். வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு மனைவிதான். இங்க்ஜெட்டின் வாய் அடைத்துவிடக் கூடாதென்று தினமும் காலையில் ஒரு கிளிப் படம் அடிப்பார். கடைச் சுவர் முழுக்கக் கிளிகள்.

எவ்வளவு தலை போகிற காரியமானாலும் அவர் மீறாத சட்டம் ஒன்று உண்டு. இங்க்ஜெட்டில் அடித்த தாளை ஈரம் காயாமல் லேசருக்குள் விடக் கூடாது. உள்ளே இருக்கும் சூட்டில் மை உருளையில் ஒட்டி மெசின் செத்துவிடுமாம். அப்படி அடித்துத் தரக் கேட்டவர்களை அவர் கொலைகாரர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

போன மாரியில் ஒருநாள் காலை, என் அப்பா வீட்டில் இல்லை. அப்பா பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அப்பா நீலச் சாரம் கட்டிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று போனில் இருந்தது, அதோடு அண்ணனிடம் ஓடினேன். லேசரா இங்க்ஜெட்டா என்று இந்த மனிதன் நடக்கத் தொடங்கினால் அப்பா வாவிக்குள் இறங்கிவிடுவார் என்று பயந்தேன்.

நான் கொம்பியூட்டரில் 'காணாமல் போனவர்' என்று தலைப்பு அடித்தேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு அதை அழித்தார்.

"இந்தத் தலைப்புப் போடாத மனே. சண்டைக் காலத்துல இந்த ஊருல இதப் போட்டுத் தேடின ஆக்கள் திரும்பி வரல்ல."

அவருக்கு ஒரு தம்பி இருந்தாராம். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. 'வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார்' என்று அவரே அடித்தார். கீழே அப்பாவின் பெயர், நீலச் சாரம், வெள்ளை பெனியன், என் நம்பர்.

அன்றைக்கு அண்ணன் நடக்கவேயில்லை. "முகமும் தெரியணும், நம்பரும் நிக்கணும்" என்று சொல்லி, படத்தை இங்க்ஜெட்டில் அடித்து, ஈரத்தோடு எடுத்து, எழுத்துக்காக லேசருக்குள் விட்டார். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். ஒரு கட்டுத் தாள் வரும்வரை லேசர் முனகியது. பிறகு கருகின வாசத்தோடு நின்றே போனது. அண்ணன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கொண்டக்டர் மனுசன் எங்க போவாரு? பஸ் போற பக்கம்தான். நீ கல்லடிப் பக்கம் போ, நான் ஏறாவூர்ப் பக்கம் போறன்." கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, பசை வாளியோடு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

பின்னேரம் ஏறாவூரிலிருந்து ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, கடைச் சுவத்துல உங்கட நோட்டீஸ் இரிக்கி. முகம் மழையில கழுவிப் போயிட்டு, எழுத்து மட்டும்தான் நிக்கி. அதுக்கு முன்னால ஒரு பெரியவர் நிண்டு, 'பாவம் இந்த மனுசன், வீட்டாக்கள் தேடுவாங்களே' எண்டு கண்ணத் துடைக்காரு. அவரும் நீலச் சாரம்தான் கட்டியிரிக்காரு. கொஞ்சம் வாங்க."

போனேன். தன்னைத் தேடும் நோட்டீஸை எனக்கே ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அப்பா ஆட்டோவில் ஏறினார்.

நேரே அண்ணனிடம்தான் வந்தோம். அவரும் நனைந்த கோழியாகத் திரும்பி வந்து, செத்த லேசரைத் தரையில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உருளை முழுக்க அப்பாவின் சாரத்து நீலம். எங்களைக் கண்டதும் எழுந்தார். பையிலிருந்த டப்பாவைத் திறந்து, விரலை நனைத்து, அப்பாவின் கன்னத்தில் மெதுவாக ஒரு தேய். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்ததால் சரியாகத் தெரிந்திருக்காது.

"அழியல்ல மனே" என்றார். "லேசர்."

அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "யாரு மனே இவரு?"

நான் அப்பாவின் நனைந்த தோளைத் துடைத்துவிட்டேன்.

"நம்மட ஆள்தான் அப்பா."