முப்பத்தாறு பாத்திரங்களும் ஓர் இட்லிக் குண்டானும்

"செந்தமிழ்செல்வன்னா யாரு சார்? ஜான்சி யாரு?"

சிதம்பரத்தில் வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்பும் சார்லஸ், செல்போனில் பாத்திர போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபடி கேட்டார். சடையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் சொந்தபந்தங்கள் விசேஷத்துக்கு வைத்துக் கொடுத்த எவர்சில்வர் பாத்திரங்கள் என்றார்.

"அதான் சார் வம்பு. கனடாவுல குடியேறப் போறவுங்க வெச்சுப் புழங்குன சொந்தச் சாமானுக்குத்தான் வரி கிடையாது. இங்க முப்பத்தாறு பாத்திரத்துலயும் அடுத்தவங்க பேரு வெட்டியிருக்கு. உங்க பேரு ஒண்ணுலகூட இல்ல."

கனடாக்காரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று சடையப்பன் மடக்கிப் பார்த்தார். டொராண்டோவில் தமிழ் ஆபீசர்களே இருக்கிறார்கள் என்று சார்லஸ் திருப்பி மடக்கினார்.

கடலூர் செம்மண்டலம் வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி ரத்தினம்மாள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். பாத்திரம் கப்பல் ஏறாவிட்டால் அவளும் விமானம் ஏற மாட்டாள். டிக்கெட்டுக்குப் பத்தே நாள். அங்கே மகன் எழிலன் வீட்டில், தாத்தாவை போனில் மட்டுமே பார்த்திருக்கும் இரண்டு வயதுப் பேத்தி. இனி இருக்கிற காலம் அவளோடுதான் என்று சடையப்பன் மனசுக்குள் எப்போதோ குடியேறிவிட்டிருந்தார்.

மறுநாளே நாலு பாத்திரங்களைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பெயரைத் தேய்த்து பாலிஷ் போட்டார். அதைப் பார்த்த சார்லஸ், இவை நேற்று வாங்கியவை மாதிரி மின்னுகின்றன, புதுச் சாமானுக்கு வரி உண்டு என்றார். தேய்த்த நாலிலும் பழைய பெயர்களையே காசு கொடுத்துத் திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று. பேசாமல் கொடுத்தவர்களிடமே 'கொடுத்தது உண்மை' என்று லெட்டர் வாங்கிவிடச் சொன்னார் சார்லஸ்.

முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து ஊரையே லெட்டருக்கு அலையவிட்டவர் சடையப்பன். இப்போது அவர் முறை.

முதலில் மேல்பட்டாம்பாக்கத்தில் மச்சான் செந்தமிழ்செல்வன். அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது, அவர் மனைவி தமிழ்ச்செல்வி போட்டோவை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தத் தவலை காயத்ரி கல்யாணத்துக்கு நாங்க வெச்சதாச்சே. உங்க வீட்டுக்கு எப்புடி வந்துச்சு?"

சொந்தக்காரப் பெண்ணான காயத்ரி அதை அப்படியே சடையப்பன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வைத்திருந்தாள்.

"சரி, எழிலன் காதுகுத்துக்கு நாங்க வெச்ச அண்டா எங்க?"

அது இன்னொரு சொந்தக்காரர் ராஜாமணி மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தது. பதற்றத்தில் சடையப்பன் அந்த உண்மையையும் சொல்லித் தொலைத்தார்.

அன்று மாலையே ராஜாமணிக்கு போன் போனது. ராஜாமணி தன் வீட்டுப் பரணை ஏறிப் பார்த்தார். அங்கிருந்து செய்தி பரவி, இரண்டே நாளில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பரணிலிருந்து பாத்திரத்தை இறக்கிப் பெயர் படிக்க ஆரம்பித்தார்கள். மனசாரக் கொடுத்த குடம் நாலு கல்யாணம் பார்த்துவிட்டு சடையப்பன் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்து, பெரியவர் சின்னையன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். அந்தக் குடத்துக்கு மட்டும் ஐந்து பேரிடம் லெட்டர் வாங்க வேண்டியிருந்தது. கொடுத்தவர், வாங்கிக் கைமாற்றியவர் என்று ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சி, ஒன்பதாம் நாள் சடையப்பன் லெட்டர்களை ஃபைல் கட்டினார். வழியனுப்ப வருவதாகச் சொன்னவர்களில் ஒருவரும் இப்போது அவரோடு பேசுவதில்லை.

சாமானை வண்டியில் ஏற்றும்போது ரத்தினம்மாள் அடுப்பிலிருந்த இட்லிக் குண்டானை இறக்கிக் கொண்டுவந்தாள்.

"இதையும் சேத்துக்குங்க. இது இல்லாம நான் வர மாட்டேன்."

தினமும் அடுப்பிலேயே கிடந்ததால் போட்டோவில் விட்டுப்போன குண்டான் அது. இதில் யார் பெயர் இருக்குமோ என்று சடையப்பன் கறையைத் தேய்த்துப் பார்த்தார். 'சடையப்பன் – ரத்தினம்மாள்' என்று எழுத்துகள் தெரிந்தன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்கு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

சிதம்பரத்தில் சார்லஸ் லெட்டர்களை ஒத்துப்பார்த்து முப்பத்தாறுக்கும் டிக் அடித்தார். குண்டானை சடையப்பன் தன் கையாலேயே எடுத்து நீட்டினார். சார்லஸ் பெயருக்குக் கீழே மிச்சமிருந்த கறையையும் விரலால் துடைத்தார். 'அன்பளிப்பு' என்று இருந்தது.

"மத்த முப்பத்தாறும் உங்களோடதுதான் சார். உங்க பேரு வெட்டி நீங்க யாருக்கோ வெச்சுக் குடுத்த இது ஒண்ணுதான் ஊரான் வீட்டுச் சாமான்."