காய்ந்தால் சுருங்கும் நெருப்புக் குழி

அப்பாவின் மீசையில் இடப்பக்கம் இல்லை. ஒரு நிமிசத்துக்கு முன்னம் இருந்தது.

முற்றத்தில் கனடாச் சித்தப்பா குடும்பம் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு ஓடுது. நடுவில், அப்பா ஆசையாகக் கட்டுவித்த நெருப்புக் குழி வேலி உயரத்துக்கு எரியுது.

"தண்ணி! தண்ணி!" என்று கத்திக்கொண்டு அப்பா குசினிக்குள் ஓடினார். அம்மா கறிவேப்பிலை மரத்துக்குப் பின்னால் இருந்து ஒரு வாளி மண்ணை எடுத்துவந்து ஆறுதலாகக் கொட்டினா. நெருப்பு படுத்துவிட்டது.

இதுக்கு முன்னம் அப்பா கடைசியாகக் குசினிக்குள் போய் எனக்குத் தெரிய மூன்று வருசம். இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். மறந்துவிடாதையுங்கோ.

என்ர அப்பா பஸ்தியாம்பிள்ளை துறைமுகத்தடியில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். அங்கே ஒருக்கா அரைநாள் தீப் பாதுகாப்பு வகுப்பு வைத்துச் சேட்டிபிக்கற் குடுத்தார்கள். அப்பா அதற்குச் சட்டம் போட்டு விறாந்தையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் கொழுவியிருக்கிறார். மாதாவைவிட ஒரு அங்குலம் உயரம்.

நான் ஓ.எல் பரீட்சையோட பள்ளிக்கூடத்தை விட்டனான். என்னிடம் ஒரு சேட்டிபிக்கற்றும் இல்லை. ஆனால் எங்கட காஸ் ரியூப்பில் வெடிப்பு விழுந்து, அதைப் பழைய சைக்கிள் ரியூப் துண்டால் சுற்றியிருந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா அடுப்பு மூட்டினால் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டுவா. அதுக்கு முதல் சிலுவை போடுவா.

"இஞ்சேருங்கோ, சிலிண்டரைச் சுவருக்கு வெளியில எடுக்கவேணும். ஊரெல்லாம் எடுத்திட்டுதுகள்."

"பயப்பிடாதை புஸ்பம். பத்தவை. ஒண்டும் நடக்காது."

"ஒருக்கா வந்து பாருங்கோவன்."

"பாக்கத் தேவையில்லை. நான் படிச்சனான்."

இரண்டு வருசம் இதே கதை. போன மாசம் சித்தப்பா வீடியோ கோல் எடுத்தார். அங்கே பனிக்குள் நெருப்பு மூட்டிச் சுற்றியிருந்து தேத்தண்ணி குடிக்கினம். "வாற மாசம் வாறம் அண்ணை" என்றார். அன்றைக்கே அப்பா பிரகடனம் செய்தார்.

"புஸ்பம்! முத்தத்தில நெருப்புக் குழி கட்டப்போறன். சுத்தியிருந்து குளிர்காயலாம்."

அம்மா விசிறிக்கொண்டிருந்த மட்டையை நிறுத்தினா.

"இந்த வெக்கைக்குள்ள, பாலையூற்றிலயோ?"

"ஓம்."

"குளிர்? அது உங்கட தம்பி கொண்டுவாறாரோ?"

"உனக்கு விளங்காது. அது ஒரு ஸ்டைல்."

"மேசனுக்குச் சாப்பாடு?"

"நீதான் குடுக்கவேணும்."

"அப்ப கட்டுங்கோ."

உடனே சம்மதித்துவிட்டா. அம்மா உடனே சம்மதித்தால் அதுக்குள் வேறொரு திட்டம் இருக்கு என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

எங்கட பக்கத்தில் மேசனைக் கூப்பிட்டால் காலமைத் தேத்தண்ணி, மத்தியானச் சோறு, பின்னேரத் தேத்தண்ணி எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. கூப்பிட்டவர் ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். சோறு போடுகிறவ வீட்டில் நிற்பா. மேசன் ஆருக்கு வேலை செய்வார்? நீங்களே சொல்லுங்கோ.

கிண்ணியாவில் இருந்து மேசன் ஜவாஹிர் நானா வந்தார். ஆறு கதிரை வைக்கிற அளவுக்கு அப்பா நிலத்தில் வட்டம் கீறினார். நூற்றைம்பது செங்கல்லைக் காட்டினார். போய்விட்டார்.

அம்மா நானாவுக்கு மீன் வைத்த மாலுபணிசும் தேத்தண்ணியும் குடுத்தா. "நானா, முதல் இந்தக் குசினியை ஒருக்காப் பாருங்கோ."

நானா எட்டிப் பார்த்தார். ரியூப்பைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அல்லாஹ்! உள்ளுக்கே ஒரு நெருப்புக் குழி இரிக்கி. பொறகு என்னத்துக்குத் தங்கச்சி வெளிய ஒண்டு?"

அன்றைக்குப் பாரைமீன் குழம்பு. அடுத்தநாள் கணவாய்ப் பிரட்டல். மூன்றாம் நாள் நண்டு. கறி ஏற ஏற வேலையும் ஏறியது. குசினியின் பின்சுவருக்கு வெளியே, அப்பா போகாத பக்கத்தில், சிலிண்டருக்குச் செங்கல் கூடு எழும்பியது. அதற்குக் கம்பிவலைக் கதவு. புது ரியூப். சுவரில் ஒரு ஜன்னல். தூசு கூட்டியது நான். பின்னேரம் அப்பா வாறதுக்கு முதல் நானா முற்றத்துக்கு ஓடிப்போய் வட்டத்தில் நாலு கல் வைப்பார்.

"என்ன மேசன் பாஸ், வட்டம் சின்னனாக் கிடக்கு?" என்று அப்பா கேட்டார்.

"காஞ்சாச் சுருங்கும் சேர்."

"ஓமோம்," என்றார் அப்பா. என்னைப் பார்த்து, "அது விஞ்ஞானம் பிள்ளை. நீ படிப்பை விடாமல் இருந்திருந்தால் விளங்கியிருக்கும்."

நான் அம்மாவைக் காட்டிக் குடுக்கவில்லை. அது என்ர குணம் இல்லை. நண்டு நல்லாயிருந்தது.

மூன்று நாள் வேலை ஒன்பது நாளில் முடிந்தது. ஆறு பேருக்கான குழி, பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிற பேசின் அளவில் வந்து நின்றது. சித்தப்பா குடும்பமும் வந்து இறங்கியது.

"மண்ணெண்ணெய் ஊத்தாதையுங்கோ. ஒரு வாளி மண் பக்கத்தில வையுங்கோ," என்றா அம்மா.

"நான் படிச்சனான்," என்றார் அப்பா.

விறகு ஈரம். பத்தவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கினம். அப்பா அரைப்போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றி, குனிந்து நெருப்புக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனார். மீசையின் கதை அதுதான்.

நான் குசினிக்குள் போனபோது அப்பா நடுவில் வெறும் வாளியோடு நிற்கிறார். சிலிண்டர் இருந்த இடத்தில் சிலிண்டர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் ஜன்னல். அதற்குள்ளால் காத்து வருது.

"இது எப்ப?"

"வட்டம் சுருங்கின கிழமை," என்றா அம்மா பின்னால் வந்து.

"என்ர கல்லு!"

"ஓம். சுருங்கினதெல்லாம் இஞ்சதான் வந்திருக்கு."

அதுக்குள் சித்தப்பாவும் வந்துவிட்டார். ஜன்னலால் கையை நீட்டி, வெளியே இருந்த சிலிண்டர்க் கூட்டைத் தட்டிப் பார்த்தார். "அண்ணை, இதெல்லோ வேலை! படிச்ச ஆள் படிச்ச ஆள்தான்."

அப்பா தொண்டையைச் செருமினார். "ஓம். நான்தான் சொல்லிச் செய்விச்சனான்."

அம்மா அவரைப் பார்த்தா. சிரிக்கவில்லை. லைட்டரை எடுத்து அவர் கையில் வைத்தா.

"நல்லதாப் போச்சு. எல்லாரும் பயந்துபோய் நிக்கினம், ஒரு தேத்தண்ணி வைப்பம். அடுப்பைப் பத்தவையுங்கோ."

"நானோ?"

"பயப்பிடாதையுங்கோ. ஒண்டும் நடக்காது."

அப்பா லைட்டரைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மீசையின் மிச்சப் பக்கத்தைத் தடவினார். முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். கையை நீட்டினார். சிலுவை போட்டார்.

பத்தவைக்கவில்லை.